சிலிகா ஜெல், ஜியோலைட், சிலிகேட்: எதை எங்கே போடுவது?

புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்கும் சின்னப் பொட்டலம், மீன் தொட்டிக் கடையில் கிலோக் கணக்கில் விற்கும் வெளிர் சாம்பல் நிறக் கல், ஃபவுண்டரியில் (உலோகம் வார்க்கும் ஆலை) மணலோடு கலக்கும் கெட்டியான திரவம், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்குள் இருக்கும் குருணை. நான்கும் ஒரே குடும்பம்தான். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தவை. புதிதாக இவற்றை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்: கடைக்காரர் எல்லாவற்றையும் 'ஈரம் உறிஞ்சும், கெட்டதை இழுத்துவிடும்' என்று சொல்லி விற்பார், வாங்குகிறவர் எதைப் பிடிக்க வாங்குகிறோம் என்று கேட்டுக்கொள்ள மாட்டார். பிடிக்க வேண்டியது தண்ணீரா, அம்மோனியாவா, கால்சியமா, நைட்ரஜனா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பொருள் தானாகவே முடிவாகிவிடும். செலவும் குறையும்.

கொஞ்சம் அடிப்படை

ஒரு சிலிக்கான் நடுவில், சுற்றி நான்கு ஆக்சிஜன். இந்த நான்முகிதான் செங்கல். செங்கற்களை எப்படி அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்து மணல், டால்க் பவுடர், களிமண், மைக்கா, கல்நார் எல்லாம் வருகின்றன. சில இடங்களில் சிலிக்கானுக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்தால் கட்டமைப்புக்கு எதிர்மின்னூட்டம் வந்துவிடும். அதைச் சரிக்கட்ட சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற அயனிகள் உள்ளே வந்து தங்கும். இப்படி அலுமினியம் கலந்து, உள்ளே ஒரே அளவான துளைகளும் சந்துகளுமாக அமைந்தவை ஜியோலைட்டுகள்.

1756-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கனிமவியலாளர் ஆக்சல் குரோன்ஸ்டெட் இப்படி ஒரு கனிமத்தைச் சூடாக்கினார். கல் கொதிப்பது போல நுரைத்து ஆவி விட்டது. உள்ளே இருந்த தண்ணீர் வெளியேறியதுதான் விஷயம். ஆனால் தண்ணீர் போனபின்னும் கூடு இடிந்து விழுவதில்லை, காலியாக நிற்கிறது. மறுபடி ஈரம் கண்டால் இழுத்துக்கொள்ளும். நம் ஊர்ப் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் புணே, நாசிக் வட்டாரத்துக் கருங்கல் குவாரிகளில் அழகழகான ஜியோலைட் படிகங்கள் கிடைக்கின்றன. உலகெங்கும் கனிமம் சேகரிப்பவர்கள் தேடி வாங்குவது அவை. ஆலைகளில் பயன்படுவது பெரும்பாலும் செயற்கை. அமெரிக்காவில் யூனியன் கார்பைடின் லிண்டே பிரிவில் ராபர்ட் மில்டன் 1949-ல் ஜியோலைட் ஏ என்ற வகையை உருவாக்கினார். 1954-லிருந்து அது வியாபாரத்துக்கு வந்தது.

சிலிகா ஜெல் கதை வேறு. சோடியம் சிலிகேட்டில் அமிலம் விட்டால் உறைந்து களி போலாகும். கழுவிக் காயவைத்தால் உறுதியான மணி. அதில் அலுமினியம் இல்லை, துளைகளும் ஒரே அளவில் இருக்காது. ஆனால் ஒரு கிராம் மணிக்குள் இருக்கும் பரப்பு சுமார் 600 முதல் 800 சதுர மீட்டர். அவ்வளவு பரப்பிலும் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஈரம் பிடிக்க: முதலில் பெட்டி, அப்புறம்தான் ஜெல்

கேமரா, லென்ஸ், ஆவணம், தபால்தலை, காதுக் கருவி, பட்டுப்புடவை ஆகியவற்றுக்குச் சிலிகா ஜெல்லே போதும். ஜியோலைட் வேண்டாம், காரணம் பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை, காற்றுப் புகாத பெட்டி. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, எல்லோரும் 'எத்தனை பொட்டலம் போட வேண்டும்' என்றுதான் கேட்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில், 80% ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கும். சென்னையில் பல மாதங்கள் இந்த நிலைதான். 20 லிட்டர் பெட்டி என்றால் உள்ளே இருக்கும் காற்றில் அரை கிராம் தண்ணீர்கூட இல்லை. நூறு கிராம் ஜெல் 40% ஈரப்பதத்தில் ஏறத்தாழ 20 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அப்படியென்றால் ஜெல் ஏன் இரண்டு வாரத்தில் நிறம் மாறுகிறது? மூடி சரியில்லை. ரப்பர் வளையம் உள்ள, நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். மர அலமாரியில் ஜெல் போடுவது ஊர்க் காற்றையே காயவைக்கும் முயற்சி.

இரண்டாவது, ஒரு சின்ன ஈரப்பதமானி. விலை அதிகமில்லை. லென்ஸில் பூஞ்சை வராமல் இருக்க 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும். 40 முதல் 50 வரை வைத்துக்கொள்வது நல்லது. இருபதுக்குக் கீழே கொண்டுபோவது சாதனை அல்ல. பழைய தோல் உறையும் காகிதமும் அதிகம் காய்ந்தால் வெடிக்கும். ஜியோலைட் வேண்டாம் என்றதும் இதற்காகத்தான். அது மிகக் குறைந்த ஈரத்தையும் விடாமல் இழுக்கும்.

மூன்றாவது, ஜெல்லை எப்படி வாங்குவது. கெமிக்கல் கடைகளில் கிலோவாகக் கிடைக்கும், பொட்டலம் பொட்டலமாக வாங்குவதைவிட மலிவு. வெள்ளை, நீலம், ஆரஞ்சு என்று மூன்று நிறங்கள். வெள்ளை எதையும் காட்டாது. நீலத்தில் கோபால்ட் குளோரைடு பூசியிருப்பார்கள், ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். கோபால்ட் குளோரைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதனால் வீட்டுக்கு ஆரஞ்சு வாங்குவது மேல். அது ஈரம் ஏறினால் பச்சையாகவோ கரும்பச்சையாகவோ மாறும். உண்மையில் எல்லா மணியும் நிறமாக இருக்கத் தேவையே இல்லை. பத்துப் பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு நிற மணி கலந்தால் போதும், செலவு குறையும். மெல்லிய பருத்தித் துணியில் பை தைத்துப் போடுங்கள். மணி நேரடியாகப் பொருளில் படக்கூடாது.

நான்காவது, திரும்பக் காயவைப்பது. நிறம் மாறிய ஜெல்லைத் தூக்கிப் போடுகிறவர்கள் ஏராளம். அது பழுதாகவில்லை, நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். தட்டில் ஒரு விரல்கடைக்கு மேல் போகாமல் பரப்பி, ஓடிஜி என்ற மின் அடுப்பில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் சூடு ஏறினால் நிறம் கருகி, காட்டும் சக்தி போய்விடும். வெறும் வெள்ளை மணியை இரும்புச் சட்டியில் சிறு தீயில் கிளறியும் காயவைக்கலாம், ஆனால் அந்தச் சட்டியில் அப்புறம் சமைக்காதீர்கள். வெயிலில் உலர்த்துவது பற்றிப் பலர் கேட்பார்கள். மே மாத வெயிலில்கூட மேலோட்டமாகத்தான் காயும், அதுவும் கடலோர ஊர்களில் வீண். சூடாக எடுத்ததும் உடனே மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஆறவிடுங்கள். திறந்து வைத்து ஆறவிட்டால் ஆறும்போதே ஈரத்தைக் குடித்துவிடும்.

இடையில் ஒன்று: தண்ணீரில் விழுந்த கைபேசியை அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை. சிலிகா ஜெல்லும் உள்ளே தேங்கிய தண்ணீரை எட்டிப் பிடிக்காது. அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோவதுதான் வேலை.

விதை உலர்த்துவது

மாடித் தோட்டக்காரர்களும் நாட்டு விதை சேகரிப்பவர்களும் கவனிக்க வேண்டிய பகுதி இது. இந்த மணிகளால் கிடைக்கும் பெரிய லாபமே இங்கேதான் என்பது என் எண்ணம்.

விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைத் துறையில் ஹாரிங்டன் விதி என்று வழங்கும் தோராயக் கணக்கு. ஐந்து முதல் பதினான்கு சதவீதம் ஈரம் வரைக்கும் இது பொருந்தும். நிழலில் உலர்த்திய கத்தரி, மிளகாய் விதை நம் ஊர் ஈரக்காற்றில் 10 அல்லது 12 சதவீதத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே கொண்டுபோக வெயில் போதாது, அதிக வெயில் முளைப்பைக் கெடுக்கும். பாட்டிமார் சாம்பலில் புரட்டி வைத்தது வெறும் பழக்கம் அல்ல. சாம்பலும் உலர்த்தும், பூச்சியையும் தடுக்கும். நெல் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிகாதான்.

எவ்வளவு போடுவது? 100 கிராம் விதை 12 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு வர வேண்டுமென்றால் சுமார் ஆறரை கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். விதை 6 சதவீதத்தில் இருக்கும்போது அதைச் சுற்றிய காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்த நிலையில் சிலிகா ஜெல் தன் எடையில் 15 சதவீதம் போலத்தான் பிடிக்கும். ஆகவே 45 கிராம் ஜெல் தேவை. டப்பா கசிவு, ஜெல் முழுதாகக் காயாமை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், விதை எடைக்குச் சம எடை ஜெல் என்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. ஜியோலைட் மணி என்றால் எவ்வளவு வறண்ட காற்றிலும் தன் எடையில் 20 சதவீதம் பிடிக்கும், 32 கிராம் போதும். விதை உலர்த்தவென்றே 'டிரையிங் பீட்ஸ்' என்ற பெயரில் இந்த மணிகள் விற்கப்படுகின்றன.

செய்முறை இது:

1. விதையை நிழலில் நான்கைந்து நாள் உலர்த்துங்கள். கையில் ஒட்டும் ஈரத்தோடு நேராக மணிக்குள் போட்டால் மணி வீணாகும்.

2. விதையைத் துணிப்பையில் கட்டி, மணியைத் தனிப் பையில் கட்டி, இரண்டையும் ஒரே கண்ணாடிப் பாட்டிலில் வைத்து மூடுங்கள். ஜியோலைட் ஈரம் குடிக்கும்போது சூடாகும், அதனால் விதைமேல் நேரடியாகக் கொட்டக்கூடாது.

3. ஒரு வாரம் விடுங்கள். பாட்டிலுக்குள் ஈரப்பதமானி இருந்தால் 30-க்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். கருவி இல்லையா? பூசணி, சுரை விதையை வளைத்தால் வளையாமல் முறிய வேண்டும்.

4. ஜெல்லை எடுத்துவிட்டு, ஒரு சின்னப் பொட்டலம் மட்டும் உள்ளே விட்டு, விதையை இறுக்க மூடி இருட்டில் வையுங்கள். ஜியோலைட் என்றால் கணக்குப்படி போட்ட அளவைத் தாண்டாதீர்கள், அது நிற்கத் தெரியாமல் உலர்த்தும். 4 சதவீதத்துக்கும் கீழே போனால் சில பயறு விதைகள் கல்லாகிவிடும், தண்ணீரில் ஊறாது.

மா, பலா, நாவல், தென்னை போன்றவற்றுக்கு இதைச் செய்யவே கூடாது. அந்த விதைகள் உலர்ந்தால் செத்துவிடும்.

ஜியோலைட் மணியைத் திரும்பக் காயவைக்க 120 டிகிரி போதாது. 200 முதல் 250 டிகிரியில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். துளைக்குள் தண்ணீர் அவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது. ஓடிஜி அந்த அளவு சூடு வரும், சாதாரண மைக்ரோவேவை நம்பாதீர்கள்.

3ஏ, 4ஏ, 5ஏ, 13எக்ஸ்

மாலிக்யூலர் சீவ் என்று தொழிற்சாலைக்காரர்கள் சொல்வது இந்தச் செயற்கை ஜியோலைட்டைத்தான். எண் துளையின் அளவைச் சொல்கிறது, ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) கணக்கில். ஒரே ஜியோலைட் ஏ கூடுதான். உள்ளே பொட்டாசியம் இருந்தால் துளை 3, சோடியம் இருந்தால் 4, கால்சியம் இருந்தால் 5. 13எக்ஸ் வேறு கூடு, துளை இன்னும் பெரியது.

எதற்கு இந்த வித்தியாசம்? எரிபொருள் எத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள். சாராயத்தை எத்தனை முறை வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் போகாது, மீதித் தண்ணீர் கூடவே ஆவியாகும். பெட்ரோலில் கலக்க அந்தத் தண்ணீரும் போயாக வேண்டும். 3ஏ துளையில் தண்ணீர் மூலக்கூறு நுழையும், எத்தனால் நுழையாது. அங்கே 4ஏ போட்டுத் துளையைப் பெரிதாக்கினால் பிரிப்பு கெட்டுவிடும். ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவிலும் 3ஏதான். 4ஏ வைத்தால் அது நைட்ரஜனையும் பிடித்து விடுவதால், வெயில் ஏற இறங்கக் கண்ணாடிக்குள் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் வேலை பழகுகிறவர்களுக்கு: கேப்பிலரி என்ற மெல்லிய குழாய்க்கு முன்னால் இருக்கும் செம்பு ஃபில்டர் டிரையருக்குள் இருப்பது இந்த மணிதான். லைனைத் திறந்தால் டிரையரை மாற்றியே ஆக வேண்டும், பழையதைச் சூடுகாட்டித் திரும்பப் போடுவது ஏமாற்று வேலை. புது டிரையரின் முனை மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்ற வேண்டும். காலையில் கழற்றி வைத்துவிட்டு மதியம் பிரேசிங் அடித்தால், அதற்குள் அது ஈரம் குடித்து முடித்திருக்கும். அப்புறம் கேப்பிலரியில் ஐஸ் கட்டி சோக் ஆகும். எந்த வாயுவுக்கு எந்த மணி என்று மேலே எழுதியிருக்கும். ஆர்-134ஏக்கு எக்ஸ்எச்-7 அல்லது எக்ஸ்எச்-9 பார்த்து வாங்குங்கள்.

லாரி, பஸ் வைத்திருப்பவர்களுக்கு ஏர் பிரேக் டிரையர் கேட்ரிட்ஜ். காற்று டேங்கின் வடிகாலை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் வந்தால் கேட்ரிட்ஜ் ஓய்ந்துவிட்டது. எண்ணெய் வந்தால் குற்றம் கம்ப்ரஸரில். அதைச் சரி செய்யாமல் புது கேட்ரிட்ஜ் மாட்டினால் அதுவும் எண்ணெய் குடித்துப் பாழாகும். எண்ணெய் பூசிய மணிக்கு மறுவாழ்வு கிடையாது.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கு வருவோம். அறைக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். அழுத்திய காற்றை ஜியோலைட் வழியே விட்டால் நைட்ரஜன் அதிகமாக ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் கடந்துபோகும். அழுத்தத்தை விட்டால் நைட்ரஜன் வெளியேறும். இரண்டு குழாய்கள் மாறி மாறி இந்த வேலையைச் செய்கின்றன. அந்த 'டஸ், டஸ்' சத்தம் இதுதான். ஆர்கான் பிரியாது, அதனால் ஆக்சிஜன் 95 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். 2021 கொரோனா இரண்டாம் அலையின்போது நாட்டின் பல மருத்துவமனைகளில் நிறுவப்பட்ட பிஎஸ்ஏ (அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பிரிக்கும்) ஆக்சிஜன் ஆலைகளும் இதே முறையின் பெரிய வடிவம்.

அப்போது வாங்கிய இயந்திரங்கள் பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. அவை சும்மா கிடந்தே கெடும். ஜியோலைட்டுக்கு நைட்ரஜனைவிடத் தண்ணீர்மேல் ஈர்ப்பு அதிகம். மாதக்கணக்கில் ஓடாத இயந்திரத்துக்குள் மெல்ல ஈரம் ஏறும். ஏறினால் காற்று வரும், ஆக்சிஜன் குறைந்திருக்கும். அளவுமானியில் ஐந்து லிட்டர் என்று காட்டுவது வேகத்தை மட்டும்தான், தூய்மையை அல்ல. ஆகவே கையேட்டில் சொன்ன இடைவெளியில் சிறிது நேரம் ஓட விடுங்கள், காற்று வடிகட்டியைக் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள், நோயாளிக்கு வைக்கும் முன் ஆக்சிஜன் அனலைசர் வைத்திருக்கும் சர்வீஸ்காரரிடம் தூய்மையைப் பார்த்துவிடுங்கள்.

அம்மோனியா: மீன் தொட்டியும் இறால் குளமும்

இதற்குச் செயற்கை மணி வேண்டாம். கிளினோப்டிலோலைட் என்ற இயற்கை ஜியோலைட், கல் வடிவில் கிடைக்கும். இங்கே நடப்பது உலர்த்தல் அல்ல, அயனிப் பரிமாற்றம். உள்ளே இருக்கும் சோடியத்தை வெளியே விட்டு அம்மோனியத்தை (தண்ணீரில் அம்மோனியா எடுக்கும் அயனி வடிவம்) உள்ளே எடுத்துக்கொள்ளும்.

நன்னீர்த் தொட்டிக்கு: கல்லை வெளுத்த தண்ணீர் நிற்கும்வரை அலசுங்கள், வலைப்பையில் போட்டு, ஃபில்டரில் தண்ணீர் ஓடும் பாதையில் வையுங்கள். புதுத் தொட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைபெறும் வரைக்கும், மீனை வண்டியில் கொண்டுபோகும்போதும் நல்ல உதவி. நிலைபெற்ற தொட்டிக்குத் தேவையில்லை. ஓரிரு வாரத்தில் நிரம்பும். எடுத்து, கல்லுப்பு கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தால் அம்மோனியம் வெளியேறி மறுபடி தயாராகும், நன்றாக அலசிப் போடலாம்.

இந்த வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: ஜியோலைட் கிடக்கும் தொட்டியில் மீனுக்கு வைத்தியம் என்று உப்புப் போடாதீர்கள். ஊறவைக்கும் வாளியில் நடப்பதே தொட்டிக்குள்ளும் நடக்கும். பிடித்த அம்மோனியத்தை எல்லாம் ஒரே மூச்சில் தண்ணீரில் விட்டுவிடும், மீன்கள் சாகும். முதலில் பையை எடுங்கள், அப்புறம் உப்பு.

இதிலிருந்தே இறால் குளத்தின் கதை புரிந்துவிடும். நாகப்பட்டினம் பக்கம் இறால் வளர்ப்பில் இறங்கும் புதியவர்களிடம் 'கேஸ் வராமல் இருக்க' ஜியோலைட் மூட்டை விற்பது சாதாரணம். 15 பிபிடி (ஆயிரத்தில் 15 பங்கு) உப்புள்ள குளத்தில் ஒரு லிட்டருக்கு நாலாயிரத்துச் சொச்சம் மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அம்மோனியா ஒரு மில்லிகிராம் இருந்தாலே பெரிய பிரச்சினை. தீபாவளி முந்தின நாள் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிற மாதிரி, அத்தனை சோடியக் கூட்டத்தில் அம்மோனியத்துக்கு இடம் கிடைக்காது.

உப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு ஒத்துவராது. ஒரு ஏக்கர் குளம், நாலடி ஆழம், ஏறக்குறைய 4,900 கன மீட்டர் தண்ணீர். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 5 கிலோ அம்மோனியா. ஒரு கிராம் கல் 5 மில்லிகிராம் பிடிக்கும் என்று தாராளமாகவே வைத்தாலும் ஒரு டன் ஜியோலைட் தேவை. ஏக்கருக்கு இரண்டு மூட்டை கொட்டி என்ன ஆகும்? அந்தப் பணத்தைத் தீவனத்தைச் சரியாக அளந்து போடுவதிலும் ஏரேட்டரிலும் போடுவதே புத்தி. அம்மோனியா வருவதே தின்னாமல் கிடக்கும் தீவனத்திலிருந்தும் இறாலின் கழிவிலிருந்தும்தான். குஞ்சுகளைப் பையில் கட்டி அனுப்புவது போன்ற சின்ன அளவில், அதுவும் உப்பு குறைந்த தண்ணீரில், ஜியோலைட் தன் வேலையைச் செய்யும்.

சலவைத் தூளில் இருப்பதும் பரிமாற்ற வேலைதான். போர்வெல் தண்ணீரின் கால்சியத்தை ஜியோலைட் ஏ பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், நுரை வரும். ஏரி குளங்களில் பாசி பெருகக் காரணமான பாஸ்பேட்டுக்கு மாற்றாக 1970-களில் ஐரோப்பாவில் இது புகுந்தது. தண்ணீரில் கரையாது என்பதால், கறுப்புத் துணியில் வெள்ளைப் பொடி படிந்தால் தூளைக் குறைத்து இன்னொரு முறை அலசுங்கள்.

சோடியம் சிலிகேட்

பட்டறையில் 'சிலிகேட்' என்றாலே இந்தத் திரவம்தான். அட்டைப்பெட்டி ஒட்ட, துணி சோப்பில் சேர்க்க, வார்ப்படத்துக்கு, காங்கிரீட் தரைக்கு என்று பல வேலை. வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: சிலிகாவுக்கும் சோடாவுக்கும் (சோடியம் ஆக்சைடு) விகிதம் எவ்வளவு, அடர்த்தி எத்தனை போமே (திரவ அடர்த்தியின் அலகு). விகிதம் 2-ஐ ஒட்டி இருந்தால் காரம் அதிகம், பிசுபிசுப்பு அதிகம். 3-க்கு மேல் என்றால் சீக்கிரம் இறுகும்.

கோவைப் பக்கம் பம்ப் உறை வார்க்கும் ஃபவுண்டரிகளில் கோர் (வார்ப்புக்குள் காலியிடம் விட வைக்கும் மணல் அச்சு) போடப் பழகுகிறவர்களுக்கு: காய்ந்த, களி இல்லாத சிலிகா மணல் எடுங்கள். எடையில் 3 முதல் 5 சதவீதம் சிலிகேட் விட்டுக் கலந்து, கோர் பாக்ஸில் இடித்து நிரப்பி, கம்பியால் துளை போட்டுக் கார்பன் டை ஆக்சைடு விடுங்கள். அரை நிமிடத்துக்குள் கல்லாகும். புதியவர்கள் எல்லோரும் 'இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்' என்று வாயுவைக் கூட்டி விடுவார்கள். அதிகமானால் மேலே வெள்ளையாகப் பொடி பூத்து, கோர் இரண்டு நாளில் உதிரத் தொடங்கும். குறைவாக விட்டதைக்கூடக் காற்றே மெல்ல இறுக்கும், அதிகமாக விட்டதைத் திருப்ப முடியாது. வார்த்த பிறகு கோரை உடைத்தெடுப்பது கஷ்டம் என்பது இந்த முறையின் பழைய குறை. கலவையில் கொஞ்சம் மொலாசஸ் சேர்ப்பது அதற்காகத்தான்: உலோகச் சூட்டில் அது எரிந்து கோரை இளக்கிவிடும்.

காங்கிரீட் தரைக்கு என்றால், 28 நாள் நீராற்றிய தரையைக் கழுவி, நீர்த்த சிலிகேட்டை மெல்லிசாகத் துடைப்பத்தால் தேய்த்து, உறிஞ்சாத மிச்சத்தைக் கழுவிவிட வேண்டும். சிமென்டில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து மேல்பரப்பை இறுக்கும், தரை தூசி விடுவது நிற்கும். மாடி ஒழுகலுக்கு இதைப் பரிந்துரைப்பவரை நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் விரிசல் எதையும் இது அடைக்காது.

கைக்கு ரப்பர் உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். நல்ல காரம். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். தரையோட்டிலோ ஜன்னல் கண்ணாடியிலோ சிந்தினால் ஈரமாக இருக்கும்போதே துடையுங்கள், காய்ந்தால் வெள்ளைக் கறை போகாது. பிளாஸ்டிக் கேனில் வையுங்கள்.

தூசி, விழுங்குவது, தூக்கிப் போடுவது

சிலிகா ஜெல் படிகமற்றது, ஃபவுண்டரி மணலின் நுண்தூசி படிகம். நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸ் வருவது படிகத் தூசியால். மணல் சலிக்கும் இடத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது, முறையான முகக் கவசம் வேண்டும். ஜியோலைட்டிலும் எரியோனைட் என்ற நார் வகை கொடியது. துருக்கியின் கப்படோக்கியா வட்டாரத்தில் அந்தக் கல் கலந்த ஊர்களில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வந்தது. மீன் தொட்டிக் கல் அந்த வகை அல்ல. ஆனாலும் எந்தக் கல் என்று பெயர் போடாத மலிவுப் பொடியை வாங்காதீர்கள்.

உப்புப் பாக்கெட்டில் ஐஎன்எஸ் 551 என்று இருந்தால் அது சிலிகா, கட்டி தட்டாமல் இருக்கச் சிறிதளவு சேர்ப்பது. பயப்பட ஒன்றுமில்லை. குழந்தை வெள்ளை ஜெல் மணி ஒன்றிரண்டை விழுங்கினால் விஷமாகாது, தொண்டையில் அடைக்காமல் பார்த்துக்கொண்டு தண்ணீர் கொடுங்கள். நீல மணி என்றால் மருத்துவரைக் கேளுங்கள். 'உடலின் நஞ்சை இழுக்கும்' என்று ஜியோலைட் பொடியைக் குடிக்க விற்கிறவர்களிடம் ஒரு கேள்வி போதும்: இரும்பையும் மருந்தையும் விட்டுவிட்டு நஞ்சை மட்டும் இழுக்க அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நன்னீர்த் தொட்டியில் அம்மோனியம் நிரம்பிய கல்லைத் திரும்ப உப்பில் ஊறவைக்கப் பிடிக்கவில்லையென்றால் அப்படியே தொட்டிச் செடியின் மண்ணில் கலந்துவிடுங்கள். வேர் இழுக்க இழுக்க மெல்ல உரமாகும். ஒரு முறையாவது உப்பில் ஊறிய கல்லைச் செடிக்குப் போடாதீர்கள், மண் உவர்ந்துவிடும். தேய்ந்த வெள்ளை ஜெல்லை மண்ணில் போடலாம். நீல ஜெல்லை மட்டும் உரக்குழியில் சேர்க்காமல், அபாயக் கழிவு என்று எழுதித் தனிப் பையில் கட்டிக் கொடுங்கள்.